முள் இல்லாத பூச்சி

"இதுக்குப் பேர் என்ன? நீங்களே சொல்லுங்க!"

டாக்டர் ஒலாசாபால் சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு சாமான்களைப் போட்டார். ஒன்று, நடுவில் முறிந்த தூண்டில் கம்பு. இன்னொன்று, தொராதோ மீனை ஏமாற்ற முள்ளில் இறகு கட்டி வீசும் போலி இறகுப்பூச்சி. நீள நீளமான இறகு, தலையில் கனத்த ஈயக்குண்டு.

விடுதிக்காரி தெலியா அதை எடுத்து இறகை விலக்கினாள்.

முள்ளே இல்லை. ஒட்ட வெட்டியிருந்தது.

"ரெண்டு மணி நேரம்! மூணு தொராதோ கடிச்சுது, மூணும் போச்சு. வெறும் இறகை வீசிட்டு இருந்திருக்கேன், மடையன் மாதிரி! இதைக் கட்டித் தந்தது உங்க ஆள்தான்."

வாசலில் படகோட்டி சிரியாக்கோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

மீனைத் திரும்ப ஆற்றில் விடவேண்டும் என்பதற்காக, முள் நுனியில் பின்னோக்கி நீளும் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிக் கொடுப்பது பரானா ஆற்றில் எல்லாப் படகிலும் உள்ள வழக்கம்தான். அதற்காக முள்ளையேவா வெட்டுவார்கள்?

"சிரியாக்கோ, நீங்களா?"

"நான்தான்மா."

பதினோரு வருஷமாக ஒரு புகார்கூட வராத மனிதர்.

"ஏன்?"

அவர் டாக்டரின் மனைவி இவானாவைப் பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள், வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். சிரியாக்கோ குனிந்துகொண்டார்.

"சொல்றதுக்கில்லம்மா."

"கம்பையும் இவன்தான் ஏதோ பண்ணியிருக்கான்!" என்றார் டாக்டர். "வீசும்போதே முறியுது!"

தெலியா கம்பை விரலால் தடவினாள். முறிந்த இடத்தருகே சின்னச் சின்னக் குழிகள்.

"ஈயம் பட்டது," என்றார் சிரியாக்கோ மெல்ல. "காத்து வேற. இந்தக் கனத்தை முன்னயும் பின்னயும் ஒரே கோட்டுல விசுக் விசுக்னு வீசக்கூடாதுன்னு சொன்னேன். பக்கவாட்டுல தாழப் பின்னாடி கொண்டுபோய், தலைக்கு மேல அகலமா, நிதானமா முன்னாடி கொண்டுவரணும். இல்லன்னா குண்டு கம்புல டக்குனு அடிக்கும். கீறல் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் ஒரு வீச்சுல முறிஞ்சிடும். நாலு தடவை டக்குனு கேட்டுச்சு."

"எனக்கே பாடமா?" டாக்டர் வலது கையை நீட்டினார். "மூவாயிரம் கண்ணு ஆபரேஷன் பண்ணின கைய்யா இது! மயிரிழை தப்பாது. இதுக்கு வீசத் தெரியாதா?"

கையை மடக்கிக்கொண்டு தெலியா பக்கம் திரும்பினார்.

"இவன் இங்க இருந்தா நான் வரமாட்டேன் தெலியா. என் சிநேகிதங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

கம்புக்குச் சமாதானம் சொல்லலாம். வெட்டின முள்ளுக்கு என்ன சொல்வது? தெலியா கையை நீட்டினாள்.

"படகுச் சாவியைக் குடுங்க சிரியாக்கோ. நாளைல இருந்து வரவேண்டாம்."

சிரியாக்கோ சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நில்லுங்க," என்றாள் இவானா.

அப்போதுதான் தெலியா கவனித்தாள். கூரைக்குள் வந்தும் இவானா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது அவளுடையதும் அல்ல. காதருகே கயிறு கட்டிய, சிரியாக்கோவின் பழைய கண்ணாடி.

"முதல்ல இவர் வீசினப்ப, படகுல பின்னாடி இருந்த என் தொப்பியில முள்ளு மாட்டிப் பிடுங்கிட்டுப் போச்சு. இவர் சிரிச்சார். இடம் மாறி உட்காருன்னுகூடச் சொல்லல. அதுக்கப்புறம்தான் சிரியாக்கோ வேற பூச்சி கட்டித் தந்தார்."

"இவானா, இதெல்லாம் இப்ப எதுக்கு?"

"கத்தாதே, மீன் ஓடிடும்னீங்க. அதான் அடிபட்டப்பவும் கத்தல. ஊருக்கெல்லாம் தெரிஞ்சா உங்களுக்கு அவமானம்னு, அவரையும் வாயைத் திறக்கவிடல."

கண்ணாடியைக் கழற்றினாள்.

இடது இமை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. நடுவில், ஈயக்குண்டு அளவுக்கு உருண்டையாக ஒரு தடம்.

இமையைத் தொட்டுப் பார்க்க டாக்டர் வலது கையை நீட்டினார்.

"மூவாயிரத்து ஒண்ணாவது கண்ணு இது," என்றாள் இவானா. "இதைக் காப்பாத்தினது மட்டும் உங்க கை இல்ல."