பிந்திப் பிறந்தவள்

பழ ஈயின் முட்டைக்குள், புழு உருவாகிக்கொண்டிருந்தபோது, ஒரு தாய்ச் செல் நரம்புச் செல்களை ஒவ்வொன்றாகப் பெற்றாள். முதலில் பிறந்தவள் நீளமாக வளர்ந்து புழுவின் தசையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாகப் பிறந்தவள் குட்டையாக அக்காவின் அருகிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, எனக்கும் ஒரு தசை கொடேன்.”

“தசைக்குப் போகிறவளைப் பெறும் நேரம் எனக்கு எப்போதோ முடிந்துவிட்டதடி. இப்போது பெற்றால் உன்னைப் போலத்தான் பிறக்கும்.”

தங்கை அழுதாள்.

புழு முட்டையை விட்டு வெளியேறும் வேளை வந்தது. அக்கா தசையை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். புழு சுருங்கியபடியே கிடந்தது.

“எனக்கு நிறுத்தத் தெரியவில்லையே!” என்று அலறினாள் அக்கா.

தங்கை அவளைத் தொட்டாள். “போதும், விடுக்கா.”

தசை தளர்ந்தது. புழு நீண்டு, முட்டைத் தோலைக் கிழித்துத் தலையை வெளியே நீட்டியது.

“இப்போது மறுபடி இழு” என்றாள் தங்கை.