இன்னும் கீழே

“பெண் குரல்லயே உங்களுது உச்சக் குரல். மேல் ஸ்தாயி உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. கீழ ஏன் போகணும்?” என்றாள் பாட்டு டீச்சர்.

“ஆம்பளைக் குரல் அளவுக்கு இறங்கணும் டீச்சர்.” என்றாள் பாட்டுக் கற்க வந்த தையல்காரி.

டீச்சர் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக இறங்கினாள். தையல்காரியின் குரல் பிசிறடித்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

“எந்தப் பாட்டுக்கு?”

“பாட்டுக்கு இல்ல. ஒரே ஒரு வார்த்தைக்கு.”

மூன்று வாரம் கழித்து, ஒரு மாலை அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வீட்டில் ஆம்பளை இல்லை என்பது தெரிந்து, ஒரு மாதமாக எவனோ தட்டுகிற அதே தட்டல். மூச்சை அடிவயிற்றில் நிறுத்தினாள்.

“யாரது?”

வெளியே செருப்புச் சத்தம் அவசரமாகப் படியிறங்கியது.

உள்ளறைக் கதவிடுக்கில் மகளின் முகம் வெளிறித் தெரிந்தது.

“அம்மா, இங்க உள்ள பேசுன அந்த மாமா யாரு?”