ஆணையின் முதல் சொல்

போரின் மூன்றாம் ஆண்டில் அரசர் படையோடு மக்கள் அவைக்குள் புகுந்தார். அவையைக் கலைக்கும் ஆணையை எழுத, அவையின் எழுத்தர்கள் வரிசையில் முதலில் இருந்த செண்பகவல்லியை உட்காரவைத்தார்கள்.

"நாம் இந்த அவையைக் கலைத்தோம்" என்றார் அரசர்.

அவள், "நான் இந்த அவையைக் கலைத்தேன்" என்று எழுதினாள்.

எட்டிப் பார்த்த தளபதி வாளை உருவினான். "நாம்னு சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சுங்க. நாம்னா நாங்களும் சேர்த்திதானே? நாங்க கலைக்கலையே." எழுதியதை அவள் அடிக்கவில்லை.

அரசர் பேனாவைப் பிடுங்கி அடுத்த எழுத்தரிடம் நீட்டினார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும் கட்டிக்கொண்டார். செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரிசையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள்.