புதைத்த வேட்டி

பாகூரில் அரங்கநாதனும் தம்பி நாகராஜனும் பாகம் பிரித்தபோது, மேற்கு வயல் யாருக்கு, கிழக்கு வயல் யாருக்கு என்பதில் இழுபறி வந்தது. நாகராஜன் மனைவி தையலம்மாள்தான் அரங்கநாதனிடம் ஒரு வழி சொன்னாள்.

"ரெண்டு வயல்லயும் புது வேட்டித் துண்டு ஒண்ணு புதைப்போம், மாமா. ரெண்டு மாசம் கழிச்சுத் தோண்டிப் பாத்துட்டு, மொதல்ல நீங்களே எடுத்துக்குங்க."

இரண்டு மாதம் கழித்து, பத்திரம் எழுத வந்த நொத்தேர் முன்னால் தோண்டினார்கள். மேற்கு வயலில் துண்டு முழுசாக வந்தது. கிழக்கு வயலில் நாலு நூல்தான் மிஞ்சியிருந்தது.

"வேட்டியையே அரிச்ச மண்ணு பயிர வுடுமா? மேற்கு எனக்கு" என்று அரங்கநாதன் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நாகராஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "இன்னாடி இப்டி பண்ணிட்ட?"

"நல்ல வயலுதான் நமக்கு வந்துருக்கு. வேட்டியத் தின்னது மண்ணுல இருக்கற, கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. சாணியும் தழையும் போட்டா, அதுங்கதான் தின்னு பயிருக்குச் சத்தாக்கித் தருது. மேற்கால வண்டி வண்டியா எரு கொட்டுனாலும் தின்ன ஆளில்ல."

"அண்ணங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு கெளம்பிட்டாரு."