தோளில் தூக்கப்பட்டவன்

மலாவி தேசியக் கோப்பையின் காலிறுதி பெனால்டிவரை வந்துவிட்டது. தோற்றால் இன்றே ஊர் திரும்பலாம். ஜெயித்தால் அரையிறுதி முடியும்வரை தலைநகரில் முகாம், யாருக்கும் விடுப்பில்லை.

கோல்கீப்பர் தோகோசானிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதென்று இடைவேளையில் மாமியார் போன் செய்திருந்தாள். “அவ உங்களையேதான் கேக்குறா, மாப்பிள்ளை.”

கடைசிப் பந்தை அடிக்க வந்தவனின் பார்வை இடப்பக்கம் போனது. தோகோசானி வேண்டுமென்றே வலப்பக்கம் பாய்ந்தான். அடித்தவனுக்குக் கால் வழுக்கியது. திசைமாறி வந்த பந்து தோகோசானியின் முழங்காலில் பட்டு வெளியே தெறித்தது.

கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“இறக்கி விடுங்கடா, நான் போகணும்!”

“போறோம்டா, அரையிறுதிக்குப் போறோம்!” என்று கேப்டன் கூவினான்.

அவ்வளவு உயரத்திலிருந்து மைதானத்தின் வெளிவாசல் தோகோசானிக்கு நன்றாகத் தெரிந்தது.