கிருமி வந்த வழி

"இந்த மாத்திரையை நீங்களும் சாப்பிடணும்மா," என்றார் டாக்டர்.

யாஸ்னாவுக்குப் புரியவில்லை. "எனக்கு எதுக்கு டாக்டர்? முட்டி வீங்கினது இவருக்குத்தானே?"

டாக்டர் அவள் கணவன் ஸ்டோயனைப் பார்த்தார். ஸ்டோயன் தரையைப் பார்த்தான்.

வலது முட்டி பாதி பரங்கிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது. உள்ளங்கால் தடித்துத் தோல் உரிந்துகொண்டிருந்ததால் ஜூன் வெயிலில் கம்பளிக் காலுறையும் வீட்டுச் செருப்புமாக வந்திருந்தான். லாரி ஓட்டுகிறவன், கிளட்சை மிதித்து வாரக்கணக்காகிறது.

"வீட்டுல சொல்லலையா நீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

பதில் வந்தது அவன் மாமியார் ரத்மிலாவிடமிருந்து.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவான்? போற ஊர்லயெல்லாம் மேஞ்சுட்டு வந்திருக்கான்!"

ரத்மிலா நகராட்சி நர்சரியில் தலைமைச் சமையற்காரி. கூடம் நிறைய குழந்தைகளை அதட்டிச் சாப்பிட வைத்துப் பழகிய குரல். கதவோ மெலிசு. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"அம்மா, கொஞ்சம் சும்மா இரேன். டாக்டர், நீங்க சொல்லுங்க," என்றாள் யாஸ்னா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ளே ஒரு கிருமி போகுதும்மா. அதை அடிக்கக் கிளம்பின உடம்பு, கிருமி போனப்புறமும் நிறுத்தத் தெரியாம தன் மூட்டு, கண்ணு, தோலுன்னு தன்னையே அடிச்சுக்குது. கிருமி வர்றது ரெண்டு வழியில. ஒண்ணு, கெட்டுப்போன சாப்பாடு. இன்னொண்ணு..." இருமிக்கொண்டார். "படுக்கை. போன வாரம் உங்க அம்மாதான் இவரைக் கூட்டிட்டு வந்தாங்க. எந்த வழின்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு வெளியே போனார். திரும்பி வந்து, வியன்னா போற வழியில ஒரு பொம்பளைன்னார். அப்படின்னா பொண்டாட்டிக்கும் மருந்து கொடுத்தாகணும்."

யாஸ்னா மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"சாப்பாடா இருக்கக் கூடாதா, டாக்டர்?"

கேட்டதுபோல இல்லை, கெஞ்சியதுபோல இருந்தது.

"இருந்தா நல்லதுதான். சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பேன். சமைச்சவங்களைப் பரிசோதிப்பாங்க. பொதுச் சமையல்ல இருக்கறவங்கன்னா வேலையை விட்டே நிறுத்தி வைப்பாங்க. ஆனா நாள் கடந்துபோச்சும்மா, இப்ப இவரைச் சோதிச்சா ஒண்ணும் தெரியாது. வயிறு கெட்டுச்சுன்னு இவர் வாயாலதான் வரணும். இவர் இல்லேங்கறாரே."

"சாப்பாடாம், சாப்பாடு!" ரத்மிலா எழுந்தே விட்டாள். "போன மாசம் புனித ஜார்ஜ் திருநாள் விருந்துக்கு எங்க வீடு நிறைய ஜனம் சாப்பிட்டுச்சு. ஒருத்தர் முகம் சுளிச்சாங்களா? மறுநாள் விடியறதுக்குள்ள லாரியை எடுத்துக்கிட்டு ஓடினான். எதுக்கு ஓடினான்னு இப்பத்தானே தெரியுது! அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், லாரிக்காரன் வேண்டாண்டின்னு."

வெளியே யாரோ 'உச்' கொட்டினார்கள். லாரி ஓட்டுகிறவன் என்றால் ஊருக்கு விசாரணையே தேவைப்படுவதில்லை.

யாஸ்னா கணவனின் நாற்காலி எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"ஸ்டோயன், என்னைப் பாரு. கல்யாணமான நாள்லேருந்து நீ எங்கிட்ட பொய் சொன்னதில்லை. இன்னிக்கு நீ என்ன சொன்னாலும் நம்பறேன். வயிறுதானே? வண்டியில போறப்ப வயிறு கெட்டுச்சு, அவ்வளவுதானே?"

அவன் நிமிர்ந்தான். மனைவியைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

ரத்மிலா சிலுவை போட்டுக்கொண்டாள். "என் மூஞ்சியில என்னடா எழுதியிருக்கு, பாவி? பொண்டாட்டிக்குப் பதில் சொல்லு!"

"வயிறு இல்லை," என்றான் ஸ்டோயன்.

யாஸ்னா எழுந்தாள். மோதிரம் லேசில் கழலவில்லை. திருகித் திருகிக் கழற்றி டாக்டரின் மேசைமேல் வைத்தாள்.

"பையன் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள உன் துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிடு."

மோதிரத்தை விட்டுவிட்டு, மாத்திரையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஸ்டோயன் கைத்தடியை ஊன்றி வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த பெண்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். காற்றில் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ. பின்னாலேயே ரத்மிலா வந்தாள்.

"என் பொண்ணு வாழ்க்கையை நாசம் பண்ணிட்டியேடா! நீ நல்லா இருப்பியா? தூ!"

பெஞ்சில் ஒருத்தி அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். இன்னொருத்தி தண்ணீர் கொடுத்தாள். ரத்மிலா குடித்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஸ்டோயன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான்.

"'டாக்டர்கிட்ட மட்டும் அப்படிச் சொல்லுங்க, யாஸ்னாகிட்ட நான் உண்மையைச் சொல்லிக்கறேன்'னு சொன்னீங்களே, அத்தை? அந்த நம்பிக்கையிலதானே நான்..."



ரத்மிலா மேல் படியைப் பார்த்தாள். கீழ் படியைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் காலரை அக்கறையாகச் சரிசெய்தாள்.

"சொல்லாம இருப்பேனா, மாப்பிள்ளை? அக்டோபர்ல எனக்கு ரிட்டயர்மென்ட். பென்ஷன் கைக்கு வந்த மறுநாளே சொல்லிடறேன். அதுவரைக்கும் அந்த விருந்துல நான் போட்ட முட்டை சாலட்டைப் பத்தி நீங்க மூச்சு விட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."