எட்டாம் மேசைக்குப் பொட்டு இல்லை

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன். ரெண்டு பேரும் ஒத்துக்கற மாதிரி ஒரே ஒரு விஷயம்... எதுவுமே இல்லையா?"

பயிற்சியாளர் விரல் நுனியில் பச்சைப் பொட்டை ஒட்டி வைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். நெற்றிக்கு வைக்கும் ஸ்டிக்கர் பொட்டேதான், கொஞ்சம் பெரிசு. எந்த மேசையில் இரண்டு நாட்டுக்காரர்களுக்குள் கூட்டு அமைகிறதோ அந்த மேசைக்காரர்களின் ஊருக்கு நேராக, சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஒன்று ஒட்டுவார். எல்லாரும் கை தட்டுவோம்.

ஏழு மேசைக்கு ஒட்டியாயிற்று. குப்பைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, கடலில் மீன் குறைவதற்கு ஒன்று. நாங்கள்தான் பாக்கி.

எங்கள் மேசைக்கு வந்தது ஆற்றுத் தண்ணீர். ஆற்றின் மேல் பக்கம், அணை இருப்பது, எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அணைக்காரரின் நாடு; கீழ்ப் பக்கம் என்னுடையது. பேச்சு ஒன்றுதான், கொடிதான் இரண்டு.

'வளரும் தலைவர்கள்' என்று கழுத்து அட்டையில் போட்டிருந்தார்கள். எனக்கு நாற்பது நெருங்குகிறது. இரண்டு பிள்ளைகள், ஓயாத இடுப்பு வலி, கரையோரத் தெரு ஒன்றின் வெள்ளக் குழுவுக்குத் தலைவி. இன்னும் எங்கே வளர்வது?

காலையிலிருந்து நான் கேட்டது ஒன்றே ஒன்று. மதகைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை. பங்கு கேட்கவில்லை. போன மழைக்குச் சொல்லாமல் திறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவைப் பாலத்துக்கு அடியில் கண்டெடுத்தோம். இப்போதும் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. அதே தெருவில், அதே வீட்டில் என் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அணைக்காரர் அங்கே மதகு இயக்கும் பொறியாளர். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னார். மேலிடத்து அனுமதி இல்லை.

அவருக்குப் பின்னால் அவர் நாட்டு அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். போன மழைக்கு முந்தின மழையில் எங்கள் பக்கம் தகவல் சொன்ன அவர்கள் ஆள் ஒருவரை வேலையை விட்டுத் தூக்கி, ஜெயிலிலும் போட்டுவிட்டார்களாம்.

மதியம் நான் கத்தியே விட்டேன். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா என்று. கூடமே திரும்பிப் பார்த்தது. பயிற்சியாளர் பதறிப்போய் தேநீர் இடைவேளை விட்டார். ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் மிச்சம், அதையும் விடச் சொல்கிறார்.

போனில் சார்ஜ் செத்துப்போயிருந்தது. வெளியே நடையில், பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக். அதிலும் அணைக்காரரின் போன் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தார்.

வேறு நேரமாயிருந்தால் திரும்பி நடந்திருப்பேன். வீட்டில் என்ன ஆயிற்றோ என்று தெரிந்தாக வேண்டும். நின்றேன். அவர் தன் போனைப் பிடுங்கிவிட்டு வயரை என் பக்கம் நீட்டினார்.

நானும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை, இரண்டு பேருக்கும். போன் உயிர் பெற்றதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். மணி அடித்தார்கள், உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது இந்தப் பச்சைப் பொட்டு.

"மேலிடத்து அனுமதி இல்லாம நான் எதுவும் சொல்ல முடியாதுங்க," என்றார் அணைக்காரர்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அடுத்து நான் வெடிப்பேன் என்று காத்திருந்தார்கள். மேசைக்கு அடியில் அவருடைய ஷூவைப் பார்த்தேன். கயிறு கட்டாமலே கிடந்தது.

"எனக்கும் சொல்ல ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

பயிற்சியாளருக்கு முகம் தொங்கிப்போயிற்று. கூட்டு என்பது நம்பிக்கையில்தான் தொடங்குகிறது, நாள் முழுக்க நேருக்கு நேர் உட்கார்ந்தும் இரண்டு பேர் மனசு விட்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையே என்று எல்லாருக்கும் கேட்கும்படி வருந்தினார். அழுதுவிடுவார் போலிருந்தது. பொட்டைத் திரும்ப அட்டையிலேயே ஒட்டி வைத்தார். பாவம், நல்ல மனுஷன். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

மடியில் போன் அதிர்ந்தது, குறுஞ்செய்தி. வீட்டுக்காரர்.

"தெருவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாச்சு. பசங்க என்கூடத்தான் இருக்காங்க. தண்ணி எங்க, யாரு சொன்னதுன்னு ஆளாளுக்கு என் உயிரை வாங்கறாங்க."

தேநீர் இடைவேளையில், அந்த நடையில், அணைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார், பிள்ளைகள் ராத்திரி வீட்டில்தான் தூங்குவார்களா என்று. ஆமாம் என்றேன்.

"இன்னிக்கு வேணாங்க," என்றார். அவசரமாக ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேசைக்கு அடியிலேயே பதில் அடித்தேன். "யாரும் சொல்லல. எனக்குத்தான் மனசு சரியில்ல."

நிமிர்ந்தேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையும் அணைக்காரரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியைச் சத்தமாகப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன். அணைக்காரரை ஒரு முறை முறைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அந்த அதிகாரிக்கு நன்றாகத் தெரியும்படி.